தவிப்பு எவ்வளவு

மூத்திரத்துக்கு டைரி எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் பூங்கோதை சிரித்துவிட்டாள். பால் வாங்கியதைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள். கேஸ் சிலிண்டர் வந்த தேதியைச் சுவரில் எழுதியிருக்கிறாள். இது புதுசு.

"சிரிக்காதீங்கக்கா," என்றாள் சிஸ்டர் அற்புதமேரி. "உங்க கால்ல இருக்க விதைக்குக் கண்ணா இருக்கு? நாமதான் சொல்லணும்."

விதை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கம்பு மணி அளவில் ஒரு மின்கருவி. இடது கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கம், தோலுக்கு அடியில் வைத்து ஒரு தையல் போட்டிருந்தார்கள்.

"கால்ல வச்சா அங்க எப்படி சிஸ்டர் அடங்கும்?" என்று மகள் கனிஷ்கா கேட்டாள்.

"இங்க ஓடுற நரம்பும் மூத்திரப்பை நரம்பும் முதுகுல ஒரே எடத்துல போயி சேருது பாப்பா. இங்க தட்டிக் குடுத்தா அங்க தூங்கும். எவ்வளவு தட்டணும்னு விதைக்குப் போன் சொல்லும். போனுக்கு அம்மா சொல்லணும். எப்பப் போனாங்க, எவ்வளவு போச்சு, துணில பட்டுச்சா, எந்த அளவுக்கு முட்டுச்சு. அதிகமா முட்டுதுன்னா விதை அதிகமாத் தட்டும். கம்மின்னா கம்மி. அம்புட்டுதான்."

பூங்கோதை திருச்சியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றாள். வேலை பார்த்தாள் என்று சொல்வதைவிட நின்றாள் என்று சொல்வதுதான் சரி. பெண்களுக்கான கழிப்பறை கீழே வண்டி நிறுத்துமிடத்தின் கடைசியில் இருந்தது. அதன் சாவி மாடி மேனேஜரிடம். அவரிடம் போய், பத்துப் பேர் எதிரில், கையை நீட்டிச் சாவி கேட்க வேண்டும். கேட்பதற்குப் பதிலாக எல்லாப் பெண்களும் அடக்கினார்கள். அவளும் அடக்கினாள். வருஷக்கணக்கில் அவள் அதை அடக்கினாள். பிறகு அது அவளை அடக்கத் தொடங்கியது. சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஓட வேண்டிய நிலை.

தீபாவளி விற்பனைக்கு முன்னால் கடை நிர்வாகம் பட்டுப் பிரிவுப் பெண்கள் எல்லோருக்கும் தன் செலவில் விதை வைத்துவிடுவதாக அறிவித்தது. ஆளுக்கு ஒரு மைசூர்பாகு கொடுத்தார்கள். கைதட்டச் சொன்னார்கள். சாவி மேனேஜரிடமே இருந்தது.

"மூணு ஆப் இருக்கு," என்றாள் அற்புதமேரி. "எது உங்களுக்குத் தோதோ அத வச்சுக்கங்க."

முதல் ஆப்பைத் தமிழுக்கு மாற்றியதும், 'இன்று எத்தனை வெற்றிடங்கள்?' என்று கேட்டது. கனிஷ்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஒண்ணுக்குப் போறதத்தான் அப்படிச் சொல்லுதும்மா. பை காலியாயிருதுல்ல, அதான் வெற்றிடமாம். எந்தக் கம்ப்யூட்டர் மாத்துச்சோ."

இரண்டாவது ஆப் பேசியது. "சிறுநீர் கழித்தீர்களா?" என்று செய்தி வாசிப்பவர் குரலில், வெளியே காத்திருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டது. பூங்கோதை போனைக் கவிழ்த்து மடியில் அமுக்கினாள்.

மூன்றாவது ஆப்பின் பெயர் நீர்த்தோழி. சத்தம் போடவில்லை. எப்போது, எவ்வளவு, கசிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. கடைசியில் ஒரு கேள்வி: 'தவிப்பு எவ்வளவு?' கீழே ஐந்து வட்டங்கள். சுழியத்துக்கு 'இல்லை' என்றும், நான்குக்கு 'தாங்க முடியவில்லை' என்றும் போட்டிருந்தது.

பூங்கோதை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதே இருக்கட்டும் சிஸ்டர்."

"நல்லது. இங்க பாதிப் பேரு இதத்தான் எடுக்கறாங்க. ஏன்னு தெரியல."

*

அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாள் ஒழுங்காக மூத்திரத்துக்குத்தான் பதில் சொன்னாள். மறுநாள் காலை, பிளாஸ்டிக் அளவுக் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனை எடுத்தபோது, வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம். ஒரே உதையில் கிளம்பாத பைக். கலியமூர்த்தியின் பைக்கும் அப்படித்தான்.

தவிப்பு எவ்வளவு?

விரல் மூன்றில் போய் நின்றது. அதில் பொய் எதுவும் இல்லை.

புருஷன் கலியமூர்த்தியை வீட்டை விட்டுத் துரத்தியது அவள்தான். லேத் பட்டறைக்காரன். மணப்பாறையில் இன்னொருத்தியோடு ஒரு குடும்பம் வைத்திருந்தான். தெரிந்த அன்றைக்கே அவனுடைய சட்டைகளை ஒரு கட்டைப்பையில் திணித்து வாசலில் வைத்தாள். அவன் கெஞ்சினான். அவள் கதவைச் சாத்தினாள். சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். கடையில் அவளுக்கு ஒரு மரியாதையே வந்தது. கனிஷ்கா, "எங்கம்மா மாதிரி இருக்கணும்," என்று தோழிகளிடம் சொன்னாள்.

போனவனுக்காக அழுதால் ஊர் ஆறுதல் சொல்லும். துரத்தியவள் அழுதால் என்ன சொல்லும்? ஆகவே யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவன் மேல் ஒட்டியிருக்கும் இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனைக்கு அவள் மூக்கு இன்னமும் அலைந்தது. பழைய இரும்புக்கடையைத் தாண்டும்போது நடை தானாக மெதுவாகும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஒன்று கேட்டது. ஏன், எதற்கு, யாருக்காக என்று நோண்டவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டது. சொன்னதும், 'குறித்துக்கொண்டேன்' என்றது.

அவள் உண்மையைச் சொன்னாள். சில நாள் இரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு. சில சமயம் மூத்திரமே வராமல் போய் உட்கார்ந்தாள், கேட்கட்டும் என்று.

அவள் மூன்று என்றும் நான்கு என்றும் சொல்லச் சொல்ல, விதை தன் கடமையைச் செய்தது. இன்னும் அழுத்தமாகத் தட்டியது. தீபாவளிக் கூட்டத்தில் பூங்கோதை ஒரு தடவைகூடச் சாவி கேட்கவில்லை. மேனேஜர் அவளை மற்றப் பெண்களுக்கு உதாரணம் காட்டினார். முட்டுகிற உணர்ச்சியே போய்விட்டது என்பதை அவள் சுகம் என்று நினைத்துக்கொண்டாள். பொங்கலுக்குள் முகம் ஊதியது. பிறகு குளிர் ஜுரம். பிறகு ஒரு வாடிக்கையாளருக்கு மயில் கழுத்து நிறத்தில் சேலை எடுத்துக்கொண்டு திரும்பியவள், அந்தச் சேலையோடு தரையில் சரிந்தாள்.

*

டியூப் வைத்து எடுத்தது ஒரு குடம் இருக்கும் என்று கனிஷ்கா பிறகு சொன்னாள். மிகைதான். ஆனால் பயந்துபோயிருந்தாள்.

"ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கு," என்றார் டாக்டர். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அற்புதமேரி. "பை சுத்தமாத் தூங்கிருச்சு. கம்பெனிக்காரங்களைக் கேட்டா, தமிழ்ல பயன்படுத்துறவங்களுக்கு இயற்கையாவே தவிப்பு ஜாஸ்தி, அதனால தமிழுக்கு மட்டும் விதையோட வேகத்தைக் கூட்டி வச்சிருக்கோம்ங்கறாங்க."

"பாஷைக்கும் மூத்திரப்பைக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்றாள் கனிஷ்கா.

"அதாம்மா எனக்கும் புரியல. ஊருக்கெல்லாம் ஒரு அளவுன்னா நம்மாளுங்க ரெண்டு மடங்கு போடறாங்க." அவர் பூங்கோதை பக்கம் குனிந்தார். "அம்மா, உங்க நம்பரைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். பையில ஒண்ணுமே இல்லாதப்பகூட நாலு போட்டிருக்கீங்க. அது நெஜம்னா, விதை இத்தனை தட்டியும் அடங்கலைன்னா, நரம்பு முன்னாடியே கெட்டிருக்குன்னு அர்த்தம். ஆபரேஷன் பண்ணி வயித்துல துளை போட்டு டியூப் வச்சுரணும். ஆயுசுக்கும். நம்பர் தப்புன்னா பிரச்சனையே இல்ல. விதையை நிறுத்தினா பை தானா முழிச்சுக்கும். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

பூங்கோதை கூரை மின்விசிறியைப் பார்த்தாள்.

"கனி, போயி ஒரு டீ வாங்கிட்டு வாயேன்."

"இப்பத்தான் குடிச்சேன். நீ சொல்லு."

"சிஸ்டருக்கு..."

"எனக்கு வேணாங்க்கா."

ஆயுசுக்கும் வயிற்றில் தொங்கும் டியூப். அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு பட்டுப் பிரிவில் நிற்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். அப்போதும் ஒரு கணம், சொல்லாமலே இருந்துவிடலாமா என்றுதான் யோசித்தாள். அந்த ஒரு கணம் அவளுக்கே பயமாக இருந்தது.

"நம்பர் தப்பில்ல டாக்டர்," என்றாள். "ஆனா அது மூத்திரத்துக்குப் போட்டது இல்ல."

"பின்ன?"

"தவிப்பு எவ்வளவுன்னு கேட்டுச்சு. சொன்னேன்."

டாக்டருக்கு விளங்கவில்லை. அற்புதமேரிக்கு விளங்கிவிட்டது. அவள் சட்டென்று டியூப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

"யாருக்கும்மா?" என்றாள் கனிஷ்கா. பிறகு அவளுக்கும் விளங்கியது. "அந்தாளுக்கா?"

பூங்கோதை போர்வையை இழுத்து டியூப்பை மூடினாள்.

"நீதானம்மா வெளிய போகச் சொன்ன?"

"நான்தான். இன்னைக்கு வந்து நின்னாலும் அதத்தான் சொல்வேன். நீ கத்தாத. அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"எனக்கென்னடி தெரியும். வேறதான்."

கனிஷ்கா வெளியே போய்விட்டாள். டீ வாங்க இல்லை.

*

விதையை நிறுத்தினார்கள். சில நாளில் பூங்கோதைக்கு முட்டியது. வலியோடு, எரிச்சலோடு, பழைய அவசரத்தோடு முட்டியது. அற்புதமேரி அதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான்தாங்க்கா எல்லாருக்கும் அந்த ஆப்பை வச்சு விட்டேன்," என்றாள் ஒரு நாள். "ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிக் கேட்டேன். ஒறையூர்ல ஒரு ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். ஒரே பொண்ணு ஆஸ்திரேலியாவுல. அவரு மூணு போடுவாராம். கல்யாணம் தட்டிப்போன ஒரு பொண்ணு, அது நாலு. காஜாமலைப் பையன் ஒருத்தன், டிஸ்ட்ரிக்ட் டீம்ல எடுக்கலைன்னு நாலு போட்டிருக்கான். கிரிக்கெட்டுக்கு!"

"மூத்திரத்துக்கு யாருமே போடலையா?"

"ரெண்டு பேரு போட்டிருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல."

இருவரும் சிரித்தார்கள். பூங்கோதைக்குச் சிரித்தால் வலித்தது.

கம்பெனி சொல்லை மாற்றியது. 'தவிப்பு எவ்வளவு?' என்ற இடத்தில் 'அவசரம் எவ்வளவு?' என்று வந்தது. தமிழர்களின் மூத்திரப்பை ஒரே வாரத்தில் குணமானது. ஜவுளிக்கடை வேறொரு கம்பெனியின் விதைக்கு மாறிக்கொண்டது. சாவி மேனேஜரிடமே இருந்தது.

பூங்கோதையின் விதையைக் குறைந்த வேகத்தில் மறுபடி ஓடவிட்டிருந்தார்கள். வீட்டில் அவள் அளவுக் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனை எடுப்பாள். அவசரம் எவ்வளவு? ஒன்று. குறித்துக்கொண்டேன். அவ்வளவுதான். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பாள். இன்னும் ஒரு கேள்வி வரும் என்பதுபோல. வெளியே கனிஷ்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். அந்த நாளுக்குப் பிறகு மகள் மரியாதையாகப் பேசினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாசி மாதத்தில் பழைய விதைக் கம்பெனியிலிருந்து முபாரக் என்று ஒருவன் வந்தான். முப்பது முப்பத்திரண்டு வயது, கண்ணாடி, சிறிய பெட்டி. மன்னிப்புக் கேட்டான். கனிஷ்கா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"உங்க விதை வெறுமனே தட்டிக்கிட்டு மட்டும் இல்லைம்மா. நரம்புல என்ன ஓடுதுன்னு பதிவும் பண்ணிக்கிட்டிருந்துச்சு. நீங்க நாலு போட்டப்பல்லாம் ஒரே மாதிரி ஒரு கோடு. அந்தப் போஸ்ட்மாஸ்டருக்கும் அதே கோடு. கிரிக்கெட் பையனுக்கும் அதே கோடுதான். எங்களுக்கே நம்ப முடியல. மூத்திரத்தைத் தேடப்போயி இதைக் கண்டுபிடிச்சிருக்கோம்."

"எதை?" என்றாள் கனிஷ்கா.

அவன் கொஞ்சம் கூச்சத்தோடு, "தவிப்பைத்தான்," என்றான். "கோடு தெரிஞ்சா அதை அடக்கவும் முடியும். அதே விதைதான். வேற மாதிரி தட்டணும். முழுக்க அடங்கிடும்னு நெனைக்கிறோம். ஞாபகம் எல்லாம் அப்படியே இருக்கும். இழுக்காது, அவ்வளவுதான். முதல்ல உங்க மாதிரி பாதிக்கப்பட்டவங்களுக்குத் தரலாம்னு..."

"அம்மா, பண்ணிக்கம்மா," என்றாள் கனிஷ்கா உடனே. குரலில் மரியாதை போய்ப் பழைய கனிஷ்கா வந்திருந்தாள். "சனியன் விட்டுதுன்னு இருக்கும். அந்தாளு அங்க ஜம்முனு இருக்கான். நீ எதுக்குக் கெடந்து சாகணும்?"

பூங்கோதைக்கு அது வேண்டாம். கேட்டவுடனே தெரிந்துவிட்டது. கையையோ காலையோ எடுத்துவிடுகிறேன், வலிக்காது என்கிற மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஒரே ஒரு தொந்தரவு இருக்கு," என்றான் முபாரக். "மேல் அளவும் கீழ் அளவும் எடுக்கணும். தவிக்கறப்ப எவ்வளவு, தவிக்காதப்ப எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் விதைக்குச் சொல்ல முடியும். அதுக்கு அவரு ஒரு தடவை உங்க எதுக்க வந்து உக்காரணும். பத்து நிமிஷம் போதும். எதுக்குன்னு அவருக்குச் சொல்லக்கூடாது. சொன்னா அளவு மாறிடும்."

பூங்கோதை திறந்த வாயை மூடினாள்.

"அவரு வருவாரா?" என்றாள்.

"ஆஸ்பத்திரிலேருந்து சிஸ்டர் கூப்பிட்டா வருவாருன்னு நெனைக்கிறோம்."

"சரி. பண்ணிக்கிறேன்."

கனிஷ்கா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

*

கலியமூர்த்தி மீசைக்கு மை தடவியிருந்தான். தலையை விட்டுவிட்டான். வெளுத்த தலையும் கறுத்த மீசையுமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அறை குளிர்ந்திருந்தது. பூங்கோதையின் கணுக்காலில் ஒரு பட்டை சுற்றியிருந்தது. பக்கத்து மேஜையில், அவன் பார்க்க முடியாதபடி திருப்பிவைத்த திரையின் முன்னால் முபாரக்.

"நல்லாருக்கியா கோதை?"

"ம். நீங்க?"

"இருக்கேன்." கைகளை முழங்காலில் துடைத்துக்கொண்டான். "மூத்திரப் பிரச்சனைன்னு சிஸ்டர் சொன்னாங்க."

"ஆமா."

"குடும்பத்துல ஒருத்தரு கூட இருக்கணும்னாங்க. நான் யோசிச்சேன். கூப்பிட்டிருக்காங்க, வரலைன்னா..." முடிக்கவில்லை. "எனக்கும் அந்தப் பிரச்சனை இருக்கு. ஆம்பளைங்களுக்கு வர்றது. பஸ்ஸுல வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல எறங்கணும். கண்டக்டர் வாய்க்கு வந்தபடி ஏசறான்."

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாக்கணும்."

"பாக்கணும் பாக்கணும்னா எப்பப் பாக்கறது? சும்மா விடாதீங்க. நான் விட்டு என்ன ஆச்சு பாருங்க."

"சரி, பாக்கறேன்."

அவன் சட்டையின் மேல் பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது. யாரோ மாற்றித் தைத்திருந்தார்கள். யார் என்று அவளுக்குத் தெரியும். கோபம் வந்தது, இருக்க வேண்டிய அளவு. அது அதன் இடத்தில் இருந்தது. இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை மேஜையைத் தாண்டி வந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தும் போகாத வாசனை. பூங்கோதை மூச்சை மெதுவாக இழுத்தாள்.

திரையில் கோடு இறங்கி இறங்கி அடியைத் தொட்டுத் தரையோடு படுத்தது. முபாரக் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். கீழ் அளவு கிடைத்துவிட்டது.

கலியமூர்த்தி நெளிந்தான். வாசலைப் பார்த்தான்.

"தம்பி, பாத்ரூம் எங்க இருக்கு? தப்பா எடுத்துக்காதீங்க, என்னால இதுக்கு மேல..."

"வெளிய போயி வலது கைப் பக்கம் சார்."

அவன் எழுந்தான். கதவு சாத்திக்கொண்டது. நடைபாதையில் செருப்புச் சத்தம் தேய்ந்தது. இன்னொரு கதவு சாத்திக்கொண்டது.

கோடு எழுந்தது. முபாரக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரையருகே போனான். அது ஏறிக்கொண்டே போய் மேல் விளிம்பில் முட்டி நின்றது.

"வந்துருச்சும்மா," என்றான் தாழ்ந்த குரலில். "பாத்ரூம் போனதுக்கே இவ்வளவு. ரெண்டு அளவும் பிரமாதமா விழுந்திருக்கு. அவரு வந்ததும் அனுப்பிடலாம். பத்து நிமிஷம்கூட ஆகல."

பூங்கோதை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. நின்றது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கலியமூர்த்தி ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி உள்ளே வந்து, உட்காராமல் நின்றான்.

"முடிஞ்சுதா? நாலரை மணி பஸ்ஸ விட்டா அப்புறம் கூட்டமாயிரும்."

"சரியா விழலையாம்," என்றாள் பூங்கோதை. "மறுபடி எடுக்கணுமாம். மொதல்லேருந்து."

கலியமூர்த்தி முபாரக்கைப் பார்த்தான். முபாரக் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் பட்டை சுற்றிய காலை நன்றாக நீட்டி வைத்துக்கொண்டாள்.

"ஆமா சார்," என்றான் முபாரக். "உக்காருங்க. கொஞ்ச நேரம் ஆகும்."